வ. வே. சு. ஐயர்: துப்பாக்கியும் திருக்குறளும்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு அணித்தாக உள்ள கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலை அறியாதார் இந்நகரில் இலர். கிறித்தவர் மாத்திரமன்றிச் சைவரும் பௌத்தரும் செவ்வாய்க்கிழமைகளில் அங்கு சென்று மெழுகுதிரி ஏற்றுதல் நெடுநாள் வழக்கம். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு வழிபாடு நடந்துகொண்டிருந்த காலைப்பொழுதில், வெடிகுண்டைத் தன் உடலோடு சுமந்துவந்த ஒருவன் அக்கோயிலினுள் அதனை வெடிக்கச் செய்தான். நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டித் தேவாலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெருவிடுதிகள் மூன்றிலும் அன்று காலையே அவ்வாறு நிகழ்ந்தது. மாண்டோர் 250க்கும் மேற்பட்டோர்.

பாடசாலை மீண்டும் திறந்தபின் மேல்வகுப்பு மாணாக்கன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். முந்திய மார்ச் மாதம் 15ஆம் நாள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில், இரு பள்ளிவாசல்களில் தொழுகைக்கு வந்திருந்தோர் சுடப்பட்டு 51 பேர் மாண்டனர். அதற்குப் பழியாகவே இங்கு இது நடந்தது என்று இராஜாங்க அமைச்சர் ஒருவர் பாராளுமன்றத்திற் கூறியிருந்தார். கடல்கடந்த ஊரில் எவனோ செய்த கொலை, நம் தெருவில் வேறொருவனைக் கொலைக்குத் தூண்டுமா, ஐயா, என்பது அவன் கேள்வி. இலக்கண வகுப்பில் அப்பேச்சு வேண்டாம் என்று கூறி யான் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆசிரியன் செய்யத்தகாத செயல் அது. அன்று கூறாத விடையை இன்று ஒரு பெரியாரின் வரலாற்றைக் கொண்டு கூற முற்படுகின்றேன்.

அப்பெரியார் வ. வே. சு. ஐயர். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்றும், திருக்குறளை ஆங்கிலத்தில் ஆக்கியவர் என்றும், கம்பனை உலகப் பெருங்கவிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர் என்றும் அவரை நாம் வகுப்பறையிற் போற்றுகின்றோம். அவர் வாழ்வின் மற்றொரு பகுதியை அரைவாக்கியத்திற் கடந்துவிடுகின்றோம். மாணாக்கனின் கேள்விக்குரிய விடை அப்பகுதியிலேதான் இருக்கின்றது.

வரகனேரியிலிருந்து இலண்டனுக்கு

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆம் நாள், வேங்கடேச ஐயருக்கும் காமாட்சி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார் சுப்பிரமணியம். திருச்சி சூசையப்பர் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். சட்டம் கற்று அந்நகர நீதிமன்றில் வழக்குரைஞரானார். பின்னர் இரங்கூன் சென்று ஆங்கிலேய பாரிஸ்டர் ஒருவரிடம் இளவலாகத் தொழில் பார்த்தார். தாமும் பாரிஸ்டர் ஆகவேண்டும் என்னும் விருப்பினால் 1907இல் இலண்டன் அடைந்து லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்திற் சேர்ந்தார். அதுகாறும் அவர் வாழ்வு, படித்த பிராமண இளைஞர் பலரின் வாழ்வை ஒத்ததே. வருவாயும் மதிப்பும் உள்ள ஒரு தொழில் அவரை எதிர்நோக்கியிருந்தது.

இலண்டனின் வடபால் ஹைகேட் பகுதியில் இந்தியா விடுதி என ஓர் இல்லம் இருந்தது. சியாம்ஜி கிருஷ்ணவர்மா என்னும் குசராத்தியர் 1905இல் இந்திய மாணாக்கருக்காக அதனை நிறுவினார். ஐயர் அங்கு சென்றபொழுது அவ்வில்லத்தின் நாயகராக விளங்கியவர் விநாயக தாமோதர சாவர்க்கர். சீரங்கத்து மருத்துவ மாணவராகிய தி. சே. சௌ. ராஜனும் அங்கு பழகினார். ஐயருக்கு அங்கு கிடைத்த நட்பு அவர் வாழ்வின் போக்கையே மாற்றிற்று.

சாவர்க்கரின் இளமையை இங்கு சிறிது நோக்கல் வேண்டும். 1897ஆம் ஆண்டு பூனாவிற் கொள்ளைநோய் பரவியபோது, நோய்த்தடுப்பின் பெயரால் வீடுகளிற் புகுந்து மக்களைத் துன்புறுத்தினர் எனப் பழிக்கப்பட்ட படையினருக்குத் தலைமை தாங்கிய ராண்டு என்னும் அதிகாரியைச் சாபேகர் சகோதரர் சுட்டுக் கொன்றனர்; தூக்குமேடையும் ஏறினர். நாசிக்கை அடுத்த ஒரு சிற்றூரில் அச்செய்தியைப் படித்த சிறுவன் சாவர்க்கர், தம் குலதெய்வத்தின் முன் நின்று, அவர்கள் விட்ட பணியைத் தாம் தொடர்வதாகச் சூளுரைத்தார். பூனாவில் எழுந்த வெடியொலி பத்தாண்டு கழித்து இலண்டன் இல்லமொன்றில் வந்து சேர்ந்தது அவ்வாறே. அதனைக் கொண்டு சேர்த்தவை ஒரு பத்திரிகைச் செய்தியும் ஒரு சிறுவனின் நெஞ்சும்.

பரவும் வழி

இஃது இந்தியாவுக்கே உரிய செய்தியும் அன்று. 1900ஆம் ஆண்டு இத்தாலிய மன்னன் உம்பெர்த்தோவைக் கொன்றவன், அமெரிக்காவிற் குடியேறியிருந்து அதற்கெனவே தாயகம் திரும்பிய நெசவுத் தொழிலாளி ஒருவன். மறு ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மக்கின்லியைச் சுட்டவன், அவ்வித்தாலியனைப் பற்றிய பத்திரிகைத் துண்டொன்றைப் போற்றி வைத்திருந்தான். முன்னவனைப் பின்னவன் கண்டதில்லை; பேசியதுமில்லை. அச்சிட்ட தாள் ஒன்றே இருவருக்கும் இடைநின்றது.

இந்தியாவில் 1908ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள் முசபர்பூரில் ஒரு வெடிகுண்டு பேரொலி எழுப்பிற்று. கிங்ஸ்போர்டு என்னும் நீதிபதியைக் கொல்ல எண்ணிக் குதிராம் போசும் பிரபுல்ல சாகியும் ஒரு வண்டியின்மீது குண்டெறிந்தனர். அவ்வண்டியில் அந்நீதிபதி இல்லை. கென்னடி என்பாரின் மனைவியும் மகளுமே அதில் இருந்தனர், இருவரும் மாண்டனர். தூக்கிலேறியபோது குதிராமுக்கு வயது 18. அவர் பெயர் வங்கத்துக் கிராமங்கள்தோறும் பாட்டாகப் பரவியது. அவ்விரு பெண்களைப் பாட்டு மறந்தது. ஒரு கொலை வேற்றூருக்குப் பயணம் புறப்படும்பொழுது, கொன்றவனின் துணிவை எடுத்துக்கொண்டு, இறந்தவரின் முகத்தை விட்டுச் செல்கின்றது. அவ்வாறு சுமை குறைந்தமையினாலேயே அது தொலைதூரம் செல்ல இயலுகின்றது போலும்.

1909ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இரவு, இலண்டன் இம்பீரியல் மாளிகையில் நடந்த ஒரு விருந்தில், மதன்லால் திங்ரா என்னும் பஞ்சாபிய மாணவர் கர்சன் வைலி என்னும் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். தடுக்க முற்பட்ட லால்காகா என்னும் பார்சி மருத்துவரும் மாண்டார். திங்ரா இந்தியா விடுதியோடு பழகியவர். ஆகஸ்டு 17ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் நாசிக்கில் நாடகக் கொட்டகை ஒன்றில் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டார். சுட்ட அனந்த கான்கரே 18 வயது மாணவர். ஜாக்சன் வடமொழி கற்றவர். அதனால் மக்களால் பண்டிதர் என்றே அழைக்கப்பட்டவர்.

இலண்டனில் திங்ரா சுட்டதனால் நாசிக்கிற் கான்கரே சுட்டார் என்று கூறின் அது பாதி உண்மையே. நாசிக்கிற் பயன்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி, திங்ரா சுடுவதற்குச் சில மாதங்கள் முன்னரே, இந்தியா விடுதியின் சமையற்காரர் ஒருவரின் பெட்டிக்குள் ஒளித்து அனுப்பப்பட்ட 20 துப்பாக்கிகளுள் ஒன்று. சாவர்க்கரின் தமையனார் கணேசருக்கு 1909 ஜூனில் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டமை நாசிக்கு இளைஞரைக் கொதிக்கச் செய்தது. படைக்கலம் முன்னரே வந்துவிட்டது, சினமும் இருந்தது. இலண்டன் நிகழ்ச்சி துணிவை அளித்தது. இவற்றுள் ஒன்று இல்லையெனின் மற்றவை செயலாகியிருக்குமா என்பதே நாம் எண்ணவேண்டியது.

ஐயர் இவை அனைத்தையும் அருகிருந்து கண்டார். இலண்டனிலிருந்து பாரதியாரின் இந்தியா பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதி வந்தார். தமிழ்நாட்டு இளைஞர் ஐரோப்பியப் புரட்சிக்காரரையும் இலண்டன் நிகழ்ச்சிகளையும் அறிந்த வழிகளுள் அக்கடிதங்களும் ஒன்று.

அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் இலண்டன் இந்தியர் விசயதசமி விழாக் கொண்டாடினர். ஐயரும் ராஜனும் அதற்கு உழைத்தனர். தலைமை தாங்க வந்தவர் தென்னாபிரிக்காவிலிருந்து வந்திருந்த வழக்கறிஞர் காந்தி. சாவர்க்கரும் பேசினார். இருவரும் இராமகதையையே பொருளாகக் கொண்டனர். ஆயின் அக்கதையினின்றும் இருவர் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. இலண்டனில் அவ்வாண்டு தாம் கேட்ட வன்முறைப் பேச்சுக்கு விடையாகவே, நவம்பரிற் கப்பலிற் செல்லும்பொழுது, காந்தி தம் இந்து சுயராச்சியம் என்னும் நூலை எழுதினார். ஒரே நகரில், ஒரே ஆண்டில், ஒரே கொலையைக் கேள்வியுற்றோருள் ஒருவர் துப்பாக்கியின் பக்கமும் மற்றொருவர் அதன் மறுப்பின் பக்கமும் சென்றனர். ஐயர் அன்று முன்னதன் பக்கமே நின்றார்.

புதுச்சேரியும் மணியாச்சியும்

1910 மார்ச்சிற் சாவர்க்கர் இலண்டனிற் கைதானார். ஐயரைப் பிடிக்கவும் ஆணை பிறந்தது. அவர் பாரிஸுக்குத் தப்பிச் சென்று காமா அம்மையாரின் குழுவோடு தங்கினார். பின்னர் இசுலாமியர் வேடம் பூண்டு கடல்கடந்து, அவ்வாண்டின் இறுதிப் பகுதியிற் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அங்கு முன்னரே அடைக்கலம் புகுந்திருந்தனர்.

அக்காலத் திருநெல்வேலி நாட்டின் நிலையை ஈழத்து வாசகர் எளிதில் உணர்வர். ஏனெனின் அதன் ஒரு முனை கொழும்புத் துறைமுகமே. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பனி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டி ஆங்கிலக் கம்பனியோடு போட்டியிட்டது. 1908 மார்ச்சில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டபோது திருநெல்வேலியிற் கலகம் மூண்டது, போலீசார் சுட்டனர், உயிர்ச்சேதம் நேர்ந்தது. பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டிலேயே அது குறைந்தது. அவர் கம்பனியும் நொடித்தது. அந்நாளில் தூத்துக்குடியிற் பதவியிலிருந்த ஆஷ் என்பவரே கம்பனியை ஒடுக்கியவர் என்று மக்கள் எண்ணினர். அவரே 1910இல் திருநெல்வேலிக் கலெக்டராக வந்தார். ஆகவே சினம் அங்கே விளைந்து கிடந்தது.

நீலகண்ட பிரமசாரி என்னும் இளைஞர் ஊர்தோறும் சென்று இரகசியக் கூட்டங்கள் கூட்டினார். தென்காசியிற் காளியின் முன்னிலையிற் சூளுறவு நடந்தது. அக்குழுவிற் சேர்ந்தோருள் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் வனத்துறையிற் புனலூரிற் பணிபுரிந்த அவர், 1911 தொடக்கத்தில் விடுப்புப் பெற்றுப் புதுச்சேரி சென்றார். அங்கு அவருக்குத் துப்பாக்கி சுடப் பழக்கியவர் ஐயரே என்று 1918ஆம் ஆண்டின் ரௌலட் குழு அறிக்கை கூறுகின்றது. ஐயரின் வரலாற்றை எழுதியோரும் அதனை மறுத்திலர். பிரெஞ்சு மண்ணில் இருந்தமையால் ஐயர் இவ்வழக்கில் எந்நீதிமன்றிலும் நின்றிலர் என்பதையும் நடுநிலைமை கருதிக் கூறுதல் கடன்.

1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாட் காலை, ஆஷும் அவர் மனைவியும் பிள்ளைகளைக் காணக் கொடைக்கானல் புறப்பட்டனர். தூத்துக்குடியிலிருந்து வரும் இலங்கைப் படகு மெயிலோடு இணைவதற்காக அவர்கள் ஏறியிருந்த வண்டி மணியாச்சிச் சந்திப்பில் நின்றது. கொழும்பிலிருந்து கடல்கடந்து சென்ற நம் முன்னோர் சென்னைக்கு ஏறிச்சென்ற அதே மெயில் அது. வாஞ்சிநாதன் முதல்வகுப்புப் பெட்டியில் ஏறி, மனைவியின் கண்முன்னே ஆஷைச் சுட்டார். பின் ஓடி, மேடையிலிருந்த கழிப்பறையிற் புகுந்து தம்மையே சுட்டுக்கொண்டார். அவருக்கு வயது 25. அவர் சட்டைப்பையிற் கிடைத்த கடிதம், ஐந்து நாளில் நடக்கவிருந்த ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவைக் கண்டித்தது. சனாதன தருமத்துக்கு நேர்ந்த இழுக்கையும் காரணமாகக் கூறியது. அடுத்த மாதமே பாரிஸிலிருந்து காமா அம்மையார் நடத்திய வந்தே மாதரம் இதழ் இத்தகைய செயல்களை அறமென நாட்டி எழுதியது. பாரிஸிலிருந்து புதுச்சேரிக்கு வந்தது மணியாச்சிக்குச் சென்று, செய்தியாகிப் பாரிஸுக்கே மீண்டது.

ஈண்டு மாணாக்கனின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. பூனா, இலண்டன், நாசிக்கு, மணியாச்சி ஆகிய நான்கும் தொடர்புடையனவே. ஆயின் ஓரிடத்துக் கொலை மற்றோரிடத்திற் கொலையாக முளைப்பதற்கு அவ்விடத்துக்கே உரிய சினம் வேண்டும், படைக்கலம் வேண்டும், ஏங்கி நிற்கும் ஓர் இளைஞன் வேண்டும், இவற்றை ஒன்றுசேர்க்கும் ஒருவரும் வேண்டும். மணியாச்சி நிகழ்ச்சியில் அவ்வாறு சேர்த்தோருள் நாம் போற்றும் தமிழறிஞர் ஒருவரும் இருந்தார். வாஞ்சிநாதன் அவரை ஆசிரியராகக் கருதியே சென்றார். ஐயர் உயிரோடு இருந்தார், மாணவர் மாண்டார்.

அறுந்த தொடர்

ஆஷ் கொலைக்குப்பின் தமிழ்நாட்டில் நிகழ்ந்தது என்ன? தேடப்பட்டோருள் இருவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். 14 பேர்மீது சென்னை உயர்நீதிமன்றில் வழக்கு நடந்தது. நீலகண்டருக்கு ஏழாண்டுச் சிறை கிடைத்தது. வங்கத்திலும் வடநாட்டிலும் குண்டுகள் தொடர்ந்தன. 1912 டிசம்பரில் தில்லியில் அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சின்மீதே குண்டு வீசப்பட்டது. தமிழ்நாட்டிலோ ஆஷுக்குப்பின் ஆங்கிலக் கலெக்டர் எவரும் அவ்வாறு கொல்லப்பட்டிலர். செய்தி ஊர்தோறும் பரவியது, செயல் பரவவில்லை. குழு சிறிது, அது கலைந்தது. இந்தியா பத்திரிகையும் முன்னரே நின்றுபோயிருந்தது. எனவே பரவுதல் விதியன்று. இணைப்புக்கள் அறுமிடத்து அது நின்றுவிடுகின்றது.

ஐயரோ புதுச்சேரியிற் பத்தாண்டு கழித்தார். பிரித்தானிய ஒற்றர் வீட்டு வாயிலிற் காத்திருந்தனர். பொருள் இல்லை; ஊர் திரும்ப வழியில்லை. அக்காலத்தில் அவர் கை துப்பாக்கியை விட்டு எழுதுகோலைப் பற்றியது. குளத்தங்கரை அரசமரம் என்னும் சிறுகதையை எழுதினார். தாகூரின் கதையொன்றைத் தழுவியதாயினும், தமிழ்ச் சிறுகதைக்கு அது வழிகோலியது. வரதட்சிணைக் குறையால் நலிந்து மடியும் பெண்ணொருத்தியின் கதை அது. ஓர் உயிரின் அழிவை, அழிந்த உயிரின் பக்கத்தில் நின்று கூறியது. முன்பு அவர் வாழ்ந்த உலகிற் கொன்றவரின் துணிவே கதையாயிற்று என்பதை நினைக்க, இம்மாற்றம் சிறிதன்று.

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கியது. அப்பெயர் இன்றும் நம் வீடுகளிற் கைகாரரைக் குறிக்க வழங்குகின்றது. புதுச்சேரி அகதிகளுக்கு இதில் தொடர்புண்டு என ஐயுற்ற ஆங்கில அரசு, அவர்களை ஆபிரிக்காவுக்கு அனுப்புமாறு பிரெஞ்சுக்காரரை வற்புறுத்தியது. எந்நாளும் கப்பலேற நேரலாம் என்ற நிலையில், தம் பெயரால் ஒரு நற்பணி எஞ்சவேண்டும் என்று எண்ணி ஐயர் திருக்குறள் முழுமையையும் ஆங்கிலத்தில் ஆக்கினார். அந்நூல் 1916இல் வெளிவந்தது.

அப்பணியை யான் எண்ணும்தோறும் ஓர் இடத்தில் நின்றுவிடுவேன். 1330 குறள்களையும் வரிவரியாக மொழிபெயர்த்தவர் இன்னா செய்யாமை, கொல்லாமை என்னும் 32ஆம் 33ஆம் அதிகாரங்களையும் மொழிபெயர்த்திருத்தல் வேண்டும். மணியாச்சி நிகழ்ந்து ஐந்தாண்டும் நிறையாத காலம் அது. அவ்விருபது குறள்களுக்கு ஆங்கிலச் சொல் தேடிய இரவில் அவர் நெஞ்சில் என்ன நிகழ்ந்தது என்பதை அவர் எழுதி வைத்திலர். ஆயின் அதன்பின் அவர் சென்ற வழி நமக்குத் தெரியும்.

திரும்பிய வழி

உலகப்போர் முடிந்து பொதுமன்னிப்பு வந்தபின் 1920இல் அவர் தமிழ்நாடு திரும்பினார். பத்தாண்டுகளுக்கு முன் இலண்டன் விழாவில் தாம் ஏற்காத காந்தியின் வழியை இப்போது ஏற்றார். திரு. வி. க. நடத்திய தேசபக்தன் நாளிதழின் ஆசிரியப் பொறுப்பு அவரிடம் வந்தது. அதில் வந்த கட்டுரைக்காக 1921இல் ஒன்பது மாதச் சிறை பெற்றார். துப்பாக்கி பழக்கியதற்கு நேராத சிறை, எழுதியதற்கு நேர்ந்தது. பெல்லாரிச் சிறையிலிருந்தே கம்பராமாயண ஆராய்ச்சியை ஆங்கிலத்தில் எழுதினார். அவர் மறைந்து கால்நூற்றாண்டுக்குப்பின், 1950இல் தில்லித் தமிழ்ச் சங்கம் அதனை நூலாக வெளியிட்டது.

பின்னர்ச் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் ஒன்றை நிறுவினார். உடலுழைப்பும் தாய்மொழிக் கல்வியும் அதன் நோக்கம். ஆயின் பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனிப்பந்தி இட்டமை பெருங் கிளர்ச்சிக்கு வித்தாயிற்று. வரதராசலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் அதனைக் கண்டித்தனர். கண்டனம் நேரியதே. ஒரு தீமையை விட்டு வெளிவந்தவர் எல்லாத் தீமையையும் விட்டுவிட்டார் என்று கொள்ளற்க. பெரியோரைக் குறையோடு காண்பதே அவரைக் கற்கும் முறை.

1925 ஜூனில் மாணாக்கரோடும் தம் மக்களோடும் பாபநாசம் அருவிக்குச் சென்றார். மகள் சுபத்திரை நீரைக் கடக்க முயன்று வெள்ளத்தில் அகப்பட்டாள். அவளைக் காக்கக் குதித்த ஐயரும் அவளோடு மறைந்தார். வயது 44. தம் பேச்சால் பிறர்மகன் ஒருவன் உயிர்கொடுக்கக் கண்டவர், தம் மகளுக்காகத் தம் உயிரைக் கொடுத்து முடிந்தார். நீலகண்டரும் சிறை மீண்டபின் துறவு பூண்டு, ஓங்காரர் என்னும் பெயரோடு நந்திமலையில் நெடுங்காலம் வாழ்ந்து 1978இல் மறைந்தார். மணியாச்சியின் இரு ஆசிரியரும் இறுதியில் துப்பாக்கியின் வழியை விட்டு நீங்கினர்.

மாணாக்கனுக்கு விடை

இப்போது கொச்சிக்கடைக்கு மீள்வோம். கிறைஸ்ட்சேர்ச்சிற் சுட்டவன், 2011இல் நோர்வேயில் 77 பேரைக் கொன்றவனைத் தன் முன்னோடியாக எழுதி வைத்தான். அவ்வாண்டே அமெரிக்காவின் போவேயிலும் எல் பாசோவிலும் சுட்டவர்கள், கிறைஸ்ட்சேர்ச்சைத் தம் எழுத்திற் குறிப்பிட்டனர். ஆகவே கொலை கொலையைத் தூண்டுதல் உண்டு என்பதில் ஐயமில்லை. கொலையாளிகளே அதற்குச் சான்று. ஆயின் உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுகளைப் பற்றி அவ்வாறு கூறல் எளிதன்று. 2018 டிசம்பரில் மாவனெல்லையிற் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 சனவரியில் வனாத்தவில்லுத் தென்னந்தோட்டத்திற் பெருந்தொகை வெடிமருந்து கைப்பற்றப்பட்டது. இரண்டும் கிறைஸ்ட்சேர்ச்சுக்கு முந்தியவை. இலண்டன் கொலைக்கு முன்னரே நாசிக்குக்குத் துப்பாக்கி வந்து சேர்ந்ததை இதனோடு ஒப்பு நோக்குக. தொலைவில் நிகழ்ந்த கொலை நாளைக் குறித்துக் கொடுக்கலாம்; துணிவை ஊட்டலாம். கிடங்கிலிருந்த மருந்தையும் நெஞ்சில் ஊன்றிய பகையையும் அது ஒரு மாதத்திற் படைத்துவிடாது. தொலைவைக் காட்டி அருகிலிருந்த கடமையை மறப்பது ஆட்சியாளருக்கும் எளிது, ஆசிரியருக்கும் எளிது.

பரவுதல் தாக்கியோர் பக்கத்தில் மாத்திரம் நிகழ்வதுமன்று. அவ்வாண்டு மே மாதத்திற் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. குண்டோடு தொடர்பேதும் இல்லாதவர்கள் தண்டிக்கப்பட்டனர். இக்கணக்கு நமக்குப் புதிதன்று. 1983 ஜூலை 23ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டனர்; அடுத்த நாட்களில் வெள்ளவத்தையிலே தமிழர் வீடுகள் எரிந்தன. அப்போது யான் சிறுவன். எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று காலி வீதியிற் புகை எழுவதைக் கண்டேன். ஓரூரின் கொலைக்கு வேற்றூரார் விலைகொடுத்தலை அன்று கண்ணாற் கண்டவன் யான். ஆதலின் அம்மாணாக்கனை வாய்மூடச் செய்தமைக்கு எனக்குச் சாக்கு இல்லை.

அவனுக்கு இன்று கூறும் விடை இது. தம்பி, கொலை காற்றில் பரவும் நோயன்று. அதனைக் கைமாற்றிக் கொடுப்போர் உளர். செய்தியைப் புகழாக்கி எழுதுபவன் ஒருவன். படைக்கலம் தருபவன் ஒருவன். இறந்தவர் பெயரை விட்டுக் கொன்றவர் பெயரை மாத்திரம் பாடுபவன் ஒருவன். அறிவும் அன்பும் உடையவராய் இருந்தும் இளைஞனை அவ்வழியில் அனுப்பும் ஆசிரியர் ஒருவர். இவருள் எவரேனும் ஒருவர் கையை மடக்கிக்கொண்டால் தொடர் அவ்விடத்தில் அறும். ஐயர் ஒரு காலத்திற் கைமாற்றிக் கொடுத்தார். பின்னர்க் கையை மடக்கிக்கொண்டார். இவ்விரண்டையும் சேர்த்தே அவர் வரலாற்றை நாம் கற்பிக்கவேண்டும்.

மணியாச்சி நிலையம் இன்று வாஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பெயரைச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பிலே, அப்பெட்டியில் அமர்ந்திருந்த பெண்ணையும், முசபர்பூர் வண்டியில் இருந்த தாயையும் மகளையும், இலண்டனில் குறுக்கே பாய்ந்த மருத்துவரையும் சேர்த்துச் சொல்வோமாக. கொச்சிக்கடைக் கோயிலில் மாண்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பாடசாலைக்குச் செல்லும் வழியில் அவற்றுட் சிலவற்றை யான் நின்று படிப்பதுண்டு. அடுத்த முறை அம்மாணாக்கனையும் உடன் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கின்றேன்.